பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாட்டிய மகனுக்கு

மகனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், இடுப்பு விடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் விட்டு விட்டு எழுதுகிறேன். எழுத்து ஓரிடத்தில் நிமிர்ந்தும் ஓரிடத்தில் சாய்ந்தும் இருந்தால் அதுதான் காரணம். அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று உன் மனைவியிடம் சொல்லி வைக்காதே. கை நன்றாகத்தான் இருக்கிறது.

நீ எழுதியிருந்தது இதுதான். டிஸ்க் பிரேக் நம் மலைக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. பழைய பின்சக்கரத்தையே திரும்ப மாட்டச் சொல்லி மெக்கானிக் காசியிடம் சொல்லிவிட வேண்டும். அப்பா அந்தச் சக்கரத்தோடு அத்தனை வருஷம் போடிமெட்டு மலை ஏறி இறங்கினார், ஒரு தடவைகூட விழவில்லை. அடுத்த மாதம் கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து சேரும்போது வண்டி தயாராக இருந்தால், பாப்பாவை முன்னால் பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார வைத்து, மூவருமாக ஏலத்தோட்டத்துக்குப் போய்வரலாம். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அசதிதான் வந்தது. கோபப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா. ஆனால் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உன் பெண்ணை அந்த டேங்கின்மேல் உட்கார வைத்து அந்த மலையிலிருந்து எப்படி இறக்குவாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீயும் கேட்கவில்லை.

அந்த வண்டி யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட சீமை மோட்டார் சைக்கிள். நீ பிறப்பதற்கு முன்பே உன் அப்பா அதை வாங்கிவிட்டார். நாற்பதை நெருங்கிய வயதில் எனக்கு நீ பிறந்தாய். அதுவரை எங்கள் வீட்டில் துடைத்துத் துடைத்து வளர்க்கப்பட்டது அதுதான். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு மாதிரி வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அதில் ஏறினால் நிறுத்த நினைத்துக் கியரை மிதிப்பார்கள். அதனாலேயே உன் அப்பா யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. அவருக்கு அது ஒரு வசதியான காரணமாகவும் இருந்தது.

பெட்ரோல் விலை எகிறிய வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாய். ஏலக்காய்க்கும் அப்போது நல்ல காலமில்லை. மலையில் தோட்டம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு வழக்கத்துக்கு வந்தார்கள். ஏறும்போது இன்ஜின். இறங்கும்போது, மெட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் இன்ஜினை அணைப்பது, நியூட்ரலில் போடுவது, பெட்ரோல் குழாயையும் திருகி மூடுவது, பிறகு வண்டியைச் சரிவில் விட்டுவிடுவது. அடிவாரத்து முந்தல் வரை பிரேக்கை நம்பித்தான் பயணம். ஜீப்புக்காரர்கள் சிலரும் ஆள் ஏற்றிக்கொண்டே அப்படி வந்தார்கள். முந்தல் டீக்கடையில் கூடி, யார் எவ்வளவு தூரம் சத்தமில்லாமல் உருண்டு வந்தார் என்று பேசிக்கொள்வார்கள். பிள்ளைகள் பரீட்சையில் வாங்கிய மார்க்கைக்கூட அவர்கள் அப்படிப் பேசியதில்லை. உன் அப்பா முந்தலையும் தாண்டி உருண்டு வருகிறவர். வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லுவார்.

"இன்னிக்கு இறக்கத்துல ஒரு சொட்டு செலவில்ல, பாத்துக்க."

"லைனிங் தேஞ்சிருக்குமே, அது யாரு செலவு?" என்று கேட்பேன்.

"அது காசி சோலி. நீ சோத்தப் போடு."

அவர் சாப்பிட உட்காரும்போது சட்டையிலிருந்து கருகிய வாடை வரும். பிரேக் டிரம் என்கிற அந்த இரும்புக் கூட்டுக்குள் லைனிங் தேய்ந்து கருகிய வாடை. வேட்டியில், துண்டில், தலைமயிரில் எல்லாம் அது இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாடைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மதுரையில் கான்வென்ட் விடுதியில் படித்தபோது எங்களுக்கு விஞ்ஞானம் நடத்திய சிஸ்டர் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். ஓடுகிற பொருளை நிறுத்தினால் அதன் ஓட்டம் எங்கும் மறைந்துபோவதில்லை, சூடாக மாறுகிறது என்பார். அதை நான் உன் அப்பாவிடம் சொன்னேன். "உங்க சிஸ்டரு மெட்டு இறங்கியிருக்காங்களா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து ஒவ்வொன்றையும் கடைசிவரை வாதாடிக்கொண்டிருக்க முடியாது.

பாதி மலையில், பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து விழும் இடத்தில், ஒரு தகர டின் கம்பியில் தொங்கும். யார் கட்டியது என்று தெரியாது. துருப்பிடித்து ஓட்டையானால் வேறொன்று தொங்கும். இன்ஜினை அணைத்து வருகிறவர்கள் அங்கே நிறுத்தி, டின்னில் தண்ணீர் பிடித்து, கொதிக்கிற டிரம்மின்மேல் ஊற்றுவார்கள். ஆவி எழும்பும். டிரம் ஆறியதும் பிரேக் மறுபடி பிடிக்கும். அதற்கப்புறம் மீதி மலை. நீ பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு போகும்போது அந்த டின்னைப் பிடித்து ஊற்றுவது உன் வேலை. ஆவி முகத்தில் அடித்ததைப் பற்றி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பேசுவாய்.

உன் அப்பா கட்டிலில்தான் போனார், மஞ்சள் காமாலையில். வண்டியிலிருந்து ஒருநாளும் விழாதவர் என்ற பெயரோடு போனார். துக்கத்துக்கு வந்தவர்கள்கூட அதைச் சொன்னார்கள். இன்றைக்கு எனக்கு அதுதான் சங்கடமாக இருக்கிறது. ஒரு தடவையாவது விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தால் நீ அதைப் பார்த்திருப்பாய். விழாமல் இருந்தார் என்பதற்காக அவர் இறங்கிய முறை சரியான முறை ஆகிவிடாது. தப்பாகச் செய்தும் தப்பித்துக்கொண்டே போகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்களுடைய பிள்ளைகள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

சித்திரை லீவில் நீ வந்தபோது உன் சிநேகிதன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் செட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாய். சந்தோஷமாக இருந்தாய். நீ வேலை செய்வதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சக்கரத்தில் டிரம்மும் செயின் பல்லும் ஒரே வார்ப்பு. டிரம்மை எடுத்தால் செயின் ஓடப் பல் இருக்காது. அதற்காக உன் தொழிற்சாலையிலேயே தனியாக ஒரு பல்சக்கரம் கடைந்து கொண்டுவந்திருந்தாய். வேறொரு ரிம்மில் புதுக் கம்பிகளைக் கோத்தாய். செயின் ஒரு நூல் அளவு சாய்ந்து ஓடுகிறது என்று கழற்றி மறுபடி மாட்டினாய். உன்னிடம் எனக்குப் பிடித்த குணம் அது. அது என்னிடமிருந்து வந்தது. உன் அப்பா நூல் அளவைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அல்லர்.

காசி குத்துக்காலிட்டு உட்கார்ந்து டிஸ்க்கின் இரும்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி இது, சக்கரத்துல தோசக்கல்ல மாட்டி வச்சிருக்கீங்க?"

"இதாண்ணே டிஸ்க்கு. லேசா மிதிச்சாப் போதும், நின்னுரும்."

"உங்கப்பாரு ஏறி மிதிப்பாரு, அப்பயும் யோசிச்சுத்தான் நிக்கும். இது மிதிச்ச ஒடனே நின்னா பின்னால இருக்குற ஆளு முன்னால போயிருமேப்பு?"

"கெட்டியாப் பிடிச்சுக்கிரணும்."

"அப்ப சரி. பிரேக்கு ஒங்க சோலி, பிடிமானம் அவுக சோலி."

பிரேக் ஆயில் குழாயில் காற்று தங்கக்கூடாது என்று பெடலை மிதித்து மிதித்து வெளியேற்றினீர்கள். காசி பின்னால் திருகாணியைத் திறக்க, நீ மேலே ஆயில் ஊற்ற, மிதிக்க ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டாய். நான் முக்காலியில் உட்கார்ந்து கையால் அமுக்கினேன். "போதும்மா, வந்திருச்சு" என்றாய். காற்று வெளியேறுவது தெரிய மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழி நின்றதை நான் பார்த்தேன். "இன்னும் இருக்கு" என்றேன். காசி சிரித்தான். "கான்வென்ட்டம்மா பாஸ் போடாம வண்டி வெளிய போகாது தம்பி" என்றான். ஊர் என்னை முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுவது எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொன்னவன் அவன் ஒருவன்தான். மறுபடி அமுக்கினேன், குமிழி வந்தது. உன் வேலையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். தெருவில் ஓட்டிக் காட்டினாய். நினைத்த இடத்தில் நின்றது. பார்க்கவே நன்றாக இருந்தது.

மறுநாளே மனைவியையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு மெட்டுக்குப் போகிறேன் என்றாய். "முதல்ல நான் வர்றேன்" என்றேன். உன் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"அத்தை, வெயில்ல உங்களுக்கு ஆகுமா? பஸ்சுல போயிக்கலாமே."

"பஸ்சுல போனா பிரேக்கு பிடிக்குதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

காசிக்கும் சம்மதமில்லை. "இந்த வயசுல மெட்டுக்காம்மா?" என்றான். "நீயும் சேந்து மாட்டுன பிரேக்குதானே. நான் ஏறுனா நீ எதுக்குப் பயப்படுற?" என்றேன். விதவை ஒருத்தி இந்த வயதில் மோட்டார் சைக்கிளில் போனால் தெரு என்ன பேசும் என்று உன் சித்தப்பாவுக்குக் கவலை. பேசினார்கள். கடைவீதி தாண்டும் வரை பேசுவதைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். உன் அப்பா இருந்தபோதும் பேசினார்கள். ஒருபக்கமாக உட்காராமல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறாள் என்று. மலையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் வளைவில் ஓட்டுகிறவனுக்குத்தான் கஷ்டம். நானும் விளக்கி விளக்கிக் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை. தோட்டத்தைப் பார்த்தோம், செடிகளுக்கு நிழல் அதிகமாகிவிட்டது என்று நீ சொன்னது சரி. திரும்பும்போது செக்போஸ்ட் தாண்டியதும் உன் கை கீழே போய்ப் பெட்ரோல் குழாயைத் திருகியது. இன்ஜினையும் அணைத்து நியூட்ரலில் போட்டாய்.

"என்னப்பா பண்ற?"

"அப்பா மாதிரிதாம்மா. அவருகிட்ட இருந்தது ஓட்டை டிரம்மு. நம்மகிட்ட டிஸ்க்கு இருக்கு. இன்னும் சூப்பரா எறங்கலாம்."

நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், முதல் சில வளைவுகளில் எனக்குப் பிடித்திருந்தது. செயின் ஓடும் சத்தமும் காற்றும் மட்டும். உன் முதுகு இப்போது உன் அப்பாவின் முதுகு மாதிரி அகலமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டால் பதினைந்து வருஷம் பின்னால் போய்விடலாம் போலிருந்தது. பிரேக்கும் அவ்வளவு அழகாகப் பிடித்தது. பிடித்தது என்பதாலேயே வளைவை நெருங்கும்வரை நீ மிதிக்கவில்லை. உன் அப்பா தன் பிரேக்கை நம்பாதவர். ஆகையால் மலை முழுக்கப் பைய வருவார். நீ உன் பிரேக்கை நம்பினாய். ஆகையால் அவர் ஒருநாளும் வராத வேகத்தில் வந்தாய். நல்ல பிரேக் நமக்கு முதலில் கொடுப்பது வேகத்தைத்தான். இதை அன்றைக்குத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு வாடை வந்தது. எனக்குத் தெரிந்த பழைய கருகல் வாடை இல்லை. காய்ந்த இரும்பின் வாடை. ஊற்றடியில் வண்டியை நிறுத்தினாய். டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. நீ டின்னை எடுத்துத் தண்ணீர் பிடித்தாய். உன் முகத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையனைப் பார்த்தேன். அதனால்தான் தடுக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஒரு டின் தண்ணீரையும் மொத்தமாகக் கவிழ்த்தாய். ஆவி வந்தது. அதோடு 'டிங்' என்று ஒரு சத்தமும் வந்தது. தடித்த டிரம் அந்தத் தண்ணீரைத் தாங்கியது. இது மெல்லிய தட்டு. காய்ந்த தோசைக்கல்லில் நாம் தண்ணீர் தெளிப்போமே தவிர, குடத்தோடு கவிழ்ப்போமா? காசி அதைத் தோசைக்கல் என்று சொன்னபோது நாம் மூவருமே சிரித்தோம். மூவரில் ஒருவராவது மேற்கொண்டு யோசித்திருக்கலாம்.

அங்கிருந்து கிளம்பியதுமே, பிரேக் போடும்போதெல்லாம் என் இருக்கை அதிர்ந்தது. தட்டு நெளிந்துவிட்டது. அடுத்த வளைவுக்கு முன்னால் உன் தோள் இரண்டும் மேலே ஏறியதைப் பார்த்தேன். பெடலை மிதிக்கிறாய், திரும்பத் திரும்ப மிதிக்கிறாய், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. கீழேயிருந்து ஒரு ஜீப் ஆள் நிறைய ஏறி வந்துகொண்டிருந்தது.

"அம்மா, பிடிக்கல."

"கியரப் போடு."

"இன்ஜின் ஆஃப்ல இருக்கும்மா."

"இருந்தா என்ன. போட்டு கிளச்ச விடு."

போட்டாய். அணைந்த இன்ஜினையும் இழுத்துச் சுழற்ற வேண்டியிருந்த பின்சக்கரம் கிறீச்சென்று ஒரு பக்கம் இழுத்தது. என் இடுப்பு பின்னாலிருந்த கேரியர் கம்பியில் இடித்தது. மண்திட்டு ஓரமாக, மலைப்பக்கத்து ஓடையில் முன்சக்கரம் இறங்கி நின்றோம். ஜீப் எங்களை உரசுவதுபோல் தாண்டிப்போய் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"ஏப்பா, ஆத்தாள ஏத்திக்கிட்டு சர்க்கஸ் காட்டுறியா? எறங்கி வந்தேன்னா தெரியும்."

நீ ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். வண்டியும் தட்டும் ஆறிய பிறகு குழாயைத் திறந்து இன்ஜினைக் கிளப்பி, இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ள முதல் கியரில் முனகிக்கொண்டே இறங்கினோம். பின்னால் வந்த ஒருவன் எங்களைத் தாண்டும்போது, "பெரியாத்தா, பெட்ரோலு தீந்துரப் போகுது, அணைச்சுட்டு வரச் சொல்லுங்க" என்றான். "தீந்தா நீ வந்து ஊத்து" என்றேன். வலியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, அவன் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை விட்டெறிந்தாய். இந்தச் சனியன் வேண்டாம் என்றாய். உன் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு ஆயில் சரியில்லை என்றாய். அவள் முன்னால் உன்னை மறுத்துப் பேச வேண்டாம் என்று நான் வெந்நீர் போடப் போய்விட்டேன். ஆயில் சரியாகத்தான் இருந்தது. அத்தனை பெரிய மலையின் இறக்கத்தையும் ஒரு சின்னத் தட்டின்மேல் ஏற்றினால் ஆயில் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அது அமுங்குமே தவிர பிரேக்கைத் தள்ளாது. ஒரு குமிழிக்காக அன்று நான் மறுபடி அமுக்கியதைப் பார்த்தவன் நீ. உனக்கு இது தெரியாதா என்ன. தெரிந்தும் டிஸ்க்கின்மேல் பழியைப் போட்டு டிரம்முக்குத் திரும்புகிறேன் என்கிறாய். டிரம்முக்குத் திரும்பினால் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா. குழாயை மூடலாம், ஊற்றில் நிற்கலாம், டின்னைத் தூக்கலாம். அப்பா விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆகையால் பழைய சக்கரத்தை நான் கொடுத்துவிட்டேன். சிலமலையிலிருந்து பால் கேனோடு வருகிறாரே, அவரிடமும் இதே மாதிரி வண்டி இருக்கிறது. அவருடைய டிரம் விரிசல் விட்டு மாதக்கணக்காகிறது. அவர் போவது வருவது எல்லாம் சமதரை. சமதரைக்கு அந்தச் சக்கரம் நல்ல சக்கரம். கொடுக்கப்போகிறேன் என்று கேள்விப்பட்டு உன் சித்தப்பா காலையிலேயே வந்துவிட்டார்.

"மதினி, அண்ணன் ஞாபகமா இருக்கிற சக்கரம். அத எடுத்து பால்காரனுக்குக் குடுக்கலாமா?"

"உங்க அண்ணன் ஞாபகத்துக்கு எனக்குச் சக்கரம் வேணுமா?"

"அவரு கைபட்ட பொருளுல்ல?"

"அவரு கை அதுல படவே இல்ல. பஞ்சரானாலும் காசியத்தான் கூப்பிடுவாரு."

காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஊரெல்லாம் சொல்லுவார். சொல்லட்டும். நினைவுப் பொருள் என்று நாம் பத்திரப்படுத்துவதில் பாதி, நம் சோம்பலுக்குப் போட்ட மாலை. உன் அப்பாவின் பொறுமையை வைத்துக்கொள். யாரிடமும் குரல் உயர்த்தாததை வைத்துக்கொள். கூலிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டார்களா என்று கேட்காமல் அவர் சோற்றில் கை வைத்ததில்லை, அதை வைத்துக்கொள். அவர் மலை இறங்கிய விதத்தை அவரோடு போக விடு.

டிஸ்க் இருக்கட்டும். காசி அதைக் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறான். லாரியில் உனக்கு அனுப்புகிறேன். நெளிந்த தட்டைக் கடைந்து நிமிர்த்த முடியுமா, வேறுதான் வாங்க வேண்டுமா என்பது உன் படிப்பு. நான் அதில் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் பிரேக்கைத் தாங்குவதற்குச் சட்டத்தில் நீ வெல்டிங் வைத்த பட்டை மெல்லிசு. அன்று இறங்கிய பிறகு பார்த்தேன், ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. தடித்த பட்டையாக வை. கடைத்தெருவில் கிடைக்கிற போல்ட்டைப் போடாதே. பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்று. அவசரப்பட்டு அடுத்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. மலைக்கு அதுவரை பஸ் ஓடுகிறது.

உன் மனைவியிடம் நடந்ததைச் சொல்லிவிடு. என் கடிதத்தைக் காட்டிச் சொல்லாதே, நீயாகச் சொல். உன் அப்பா எதையும் என்னிடம் சொல்லமாட்டார். சட்டையை முகர்ந்துதான் நான் தெரிந்துகொள்வேன். அது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு அலுப்பான வேலை என்று உனக்குத் தெரியாது. அவள் புத்திசாலி. உனக்குப் பின்னால் உட்காரப்போகிறவள். பின்னால் உட்காருகிறவளுக்கு முன்னால் இருக்கிற சாலை தெரியாது, ஓட்டுகிறவன் முதுகுதான் தெரியும். எங்களுக்குத் தெரிவதெல்லாம் நீங்கள் சொல்வதுதான்.

நீ கோயமுத்தூரை விட்டு வருவதில் எனக்குச் சந்தோஷமா என்று உன் மனைவி தனியாக ஒரு வரி கேட்டிருந்தாள். சந்தோஷம்தான். ஆனால் நான் களைத்துப்போயிருக்கிறேன். உன் அப்பா மலையிலிருந்து வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்தே என் பாதி ஆயுள் போயிற்று. அவர் போன பிறகு, துக்கத்துக்கு நடுவில், இனி யாரும் அந்த மலையிலிருந்து வரவேண்டியதில்லை என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நீ வருகிறாய். மறுபடி வாசலைப் பார்க்க வேண்டும். பார்க்கிறேன், மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டாவது தடவை அதைச் செய்கிறவளிடம் முதல் தடவை இருந்த தெம்பு இருக்காது என்று மட்டும் தெரிந்துகொள்.

பாப்பாவை அந்த வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் என்னை இன்னொரு தடவை ஏற்றிக்கொண்டு போ. மெட்டு வரை போய், இரண்டாவது கியரில், இன்ஜின் சத்தத்தோடு இறங்கி வருவோம். முந்தல் டீக்கடையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கட்டும், சிரிக்கட்டும். அப்படி வந்து சேர்ந்தோமானால் அன்று சாயங்காலமே நானே பாப்பாவுக்குத் தலைவாரி, டேங்கின்மேல் தூக்கி உட்கார வைப்பேன். வழியில் உன் கை அந்தக் குழாய்ப் பக்கம் போனால், அந்த இடத்திலேயே இறங்கிக்கொள்வேன். மீதி மலையை நடந்துதான் வருவேன். இந்த இடுப்போடு நான் முந்தல் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை நீ கூட நடந்து வந்து பார்த்துக்கொள்.

அம்மா